மூன்று முறை கேட்டு எடுத்தவர்

சாமியை எரித்த அன்றைக்கு அங்கே இருந்தவர்களின் பெயரை முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் யாரும் "நான் அந்தப் பக்கமே வரவில்லை" என்று சொல்லக்கூடாது. பவுத்த சங்கத்துச் செயலாளர் பாலகுரு இருந்தார். அவர் மனைவி வசந்தா இருந்தார். கொட்டகைக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருக்கும் தாவூத் பாய் இருந்தார். சுடுகாட்டில் வேலை செய்யும் என் வீட்டுக்காரர் ஏழுமலை இருந்தார். என் மூத்த மகன் சங்கர் இருந்தான். காசியம்மாளாகிய நான் இருந்தேன். மற்றவர்கள் எல்லாம் கூட்டம். கூட்டம் மாலை போட்டது, போட்டோ எடுத்துக்கொண்டது, போய்விட்டது.

செய்தி கொண்டுவந்தவர் தாவூத் பாய். நான் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றிருந்தேன். சைக்கிளிலிருந்து இறங்காமல் ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றிக்கொண்டு, "காசிம்மா, சாமி போய்ட்டாரு. குந்தினாப்லயே போய்ட்டாரு" என்றார். எனக்கு முன்னால் இரண்டு பேர். நான் கேட்காமலேயே அவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். நான் குடத்தை அங்கேயே கவிழ்த்து வைத்துவிட்டு மேனாம்பேட்டுத் தெருவில் நடந்தேன். அந்தக் குடத்தை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். யாரென்று எனக்குத் தெரியும். அது வேறு கதை.

பிக்கு உபசாந்தர் என்பது அவர் சங்கத்தில் வாங்கிய பெயர். தெருப் பிள்ளைகள் ஒட்டுச்சாமி என்பார்கள். நான் சாமி என்பேன். அவர் கோலார் தங்கவயல்காரர். வாலிபத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏதோ ஒரு கம்பெனியில் ஃபிட்டர் வேலை பார்த்தாராம். பிறகு மொட்டையடித்துத் துறவு வாங்கி, எங்கெங்கோ இருந்துவிட்டு, எண்பதுகளின் தொடக்கத்தில் திரும்பவும் எங்கள் மேனாம்பேட்டுக்கே வந்தார். ஆவடி குவார்ட்டர்ஸில் குடியிருந்த, டாங்கி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்த சில பேர் சேர்ந்து அவருக்குத் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை கட்டிக் கொடுத்தார்கள். அதில் பாலகுரு சாரும் ஒருவர். திருநெல்வேலிக்காரர், ஃபோர்மேன், நல்ல சட்டை போடுகிறவர்.

சாமிக்கு ஒரு நோன்பு இருந்தது. யார் கொடுத்த துணியையும் உடுத்தமாட்டார். வேண்டாமென்று எறிந்த துணியை மட்டும் பொறுக்கி எடுப்பார். குப்பைமேட்டில் கிடப்பது, எலி கடித்தது, மாடு மென்று துப்பியது, நெருப்பில் கருகியது, பிணத்தின் மேல் போட்டது. அவற்றைச் சவுக்காரம் போட்டுக் கொதிக்கவைத்து, நல்ல பாகத்தை வெட்டியெடுத்து, ஒன்றோடொன்று ஒட்டித் தைத்து, மர அறுவைக் கடையில் கூட்டித் தள்ளுகிற பலாமரத் தூளில் சாயம் ஏற்றிக் கட்டிக்கொள்வார். புத்தர் காலத்து நோன்பாம். பாம்சுகூலம் என்று அதற்குப் பேராம். பாலகுரு சார் எத்தனையோ தரம் சொல்லிக்கொடுத்தும் அது எனக்கு வாயில் நுழையவில்லை.

துணியை எடுக்கும் முன்னால் அவர் நின்று, சத்தமாக மூன்று முறை கேட்பார். "இந்தத் துணிக்குச் சொந்தக்காரங்க இருக்கீங்களா?" பக்கத்தில் ஆளே இருக்காது. நாய் மட்டும் படுத்திருக்கும். ஆனாலும் கேட்பார். முதல் தரம் கேட்டுவிட்டு நிற்பார். இரண்டாம் தரம் கேட்டுவிட்டு நிற்பார். மூன்றாம் தரமும் பதில் வராவிட்டால்தான் குனிவார். பஸ்ஸில் போகிறவர்கள் தலையை நீட்டிச் சிரிப்பார்கள். "சாமீ, அந்த நாயாண்ட கேளு சாமீ!" என்று கத்துவார்கள். சாமி நாயையும் ஒரு தரம் பார்ப்பார். அப்புறம்தான் எடுப்பார்.

நான் அவரை முதலில் பார்த்தது சண்டையில்தான்.

எங்கள் குடும்பத்துக்குச் சுடுகாட்டு வேலை. எங்களை ஊரார் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று படிக்கிற எல்லோருக்கும் தெரியும். அந்தப் பேரை என் கையால் எழுதமாட்டேன். என் மாமனாரும் என் அப்பாவும் ஏரிக்கு அந்தப் பக்கம் வயலில் கூலி வேலையும் செய்தவர்கள். வயலெல்லாம் எஸ்டேட் ஆன பிறகு ஊர்க்காரன் கம்பெனிக்குள் போனான். எங்களுக்குச் சுடுகாடு மட்டும் மிஞ்சியது. பிணத்தின் மேல் போட்டு வருகிற கோடித் துணி எங்களுக்குச் சேர்ந்தது. அது எங்கள் பங்கு. யாரும் தானமாகத் தந்ததில்லை. அந்தத் துணியில்தான் நான் என் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தேன். மூன்று பிள்ளைகளும் அதில்தான் வளர்ந்தார்கள்.

அன்றைக்கு ஒரு பெரியவர் சாவு. கூட்டம் கலைந்துவிட்டது. கோடித் துணி ஐந்து முழம், வேலி ஓரம் கிடந்தது. நான் சுடுகாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால் பானை கழுவிக்கொண்டிருந்தேன். "இந்தத் துணிக்குச் சொந்தக்காரங்க இருக்கீங்களா?" என்று ஒரு குரல். யாரோ பேத்துகிறான் என்று விட்டுவிட்டேன். இரண்டாம் தரம். மூன்றாம் தரம் கேட்டபோது எட்டிப் பார்த்தால், மொட்டைத் தலை ஆள் ஒருவர் குனிந்து துணியைத் தூக்குகிறார்.

"கீறோம்! நாங்க கீறோம்! போடு கீய!" என்று பானையோடு ஓடினேன். "இன்னாய்யா, செத்தவன் துணியையும் உட்டு வைக்கமாட்டீங்களா? வயலு எடுத்துகினீங்க, ஏரி எடுத்துகினீங்க, இதையும் எடுக்க வந்துகினியா? சாமியாராம் சாமியாரு! ஒனக்கு ஊர்ல பட்டுத் துணி போட ஆள் கீது. எம் புள்ளைக்கு யாரு கீறா?"

சாமி, துணி எப்படிக் கிடந்ததோ அப்படியே, அந்தச் சுருக்கத்தோடு, கீழே வைத்தார். இரண்டடி பின்னால் போய் நின்றார். "சொந்தக்காரங்க இருக்கறது தெரியலம்மா. மூணு தரம் கேட்டேன். நீங்க பின்னால இருந்திருக்கீங்க. தப்பு என்மேலதான். பின்னால வந்து பார்த்துட்டுக் கேட்டிருக்கணும்" என்றார்.

எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது. திட்டுகிறவளிடம் தப்பை ஒத்துக்கொண்டால் அவள் மேலே என்னத்தைத் திட்டுவாள்? என் வீட்டுக்காரர் ஓடிவந்து, "இன்னாமே, சாமியாண்ட இப்டியா பேசுவ?" என்று என் கையைப் பிடித்தார். நான் உதறிவிட்டேன்.

"ஏம்மா, இது உங்க பங்கு. நீங்களா வேணாம்னு போடற வரைக்கும் நான் இந்தச் சுடுகாட்டுத் துணியைத் தொடமாட்டேன்" என்று சாமி சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே இருந்தார். அவர் நோன்புக்குச் சுடுகாட்டுத் துணிதான் உசத்தி என்று பின்னால் பாலகுரு சார் சொன்னார். அந்த உசத்தியை எங்களுக்காக விட்டார். பூந்தமல்லி வரைக்கும் நடந்து குப்பைத் துணி பொறுக்கினார். எங்கள் வேலியைத் தாண்டிப் போகும்போது உள்ளே திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். எங்களுக்கென்று ஒன்று இருக்கிறது, அதைக் கேட்காமல் தொடக்கூடாது என்று நினைத்த முதல் மனுஷர் எனக்குத் தெரிந்து அவர்தான்.

பிறகுதான் நான் கொட்டகைக்குப் போக ஆரம்பித்தேன். கும்பிடப் போகவில்லை. நான் பவுத்தம் வாங்கிக்கொள்ளவில்லை, இன்றைக்கும் ஆடி மாசம் கூழ் ஊற்றுகிறவள்தான். அவர் தைப்பதைப் பார்க்கப் போனேன். கையில் நல்ல ஓட்டம் அவருக்கு. ஃபிட்டர் வேலை பார்த்த கை. துண்டு துண்டாக வெட்டி, பெரிய கட்டம் ஒன்று சின்னக் கட்டம் ஒன்று என்று வைத்து, நடுவில் பட்டை விட்டுத் தைப்பார். என் வீட்டுக்காரர் ஒருநாள் குந்திப் பார்த்துவிட்டு, "இன்னா சாமி, நாத்தங்கால் மாரி வரப்பு கட்டி வச்சுகினு கீறீங்க?" என்று கேட்டார்.

"வயலேதான், ஏழுமலை. புத்தர் நடந்து போறப்போ வயலையும் வரப்பையும் பார்த்துட்டு, பிக்கு கட்டற சீவரம் இந்த மாதிரி தைக்கணும்னு சொன்னாராம்."

என் வீட்டுக்காரர் அந்தத் துணியில் விரலை வைத்து வரப்பு மேலேயே ஓட்டினார். "எங்கப்பன் அண்டை வெட்டி வச்ச வரப்பு இப்டிதான் இருக்கும்" என்றார். மறு முனை வரைக்கும் விரலை ஓட்டிவிட்டுத்தான் எழுந்தார்.

சிரிப்பும் உண்டு. ஒரு தேர்தல் முடிந்து, கிழிந்த பேனர் ஒன்று சாக்கடையோரம் கிடந்தது. மூன்று முறை கேட்டு எடுத்தார். எவ்வளவு கொதிக்கவைத்தும் ஒரு எழுத்துப் போகவில்லை. தோளுக்குப் பின்னால் "வாக்களி" என்று மங்கலாகத் தெரியும். தோற்ற கட்சிக்காரன் ஒருவன் வழிமறித்து, "இன்னா சாமி, எங்க துணிய கட்டிகினு நக்கல் பண்றியா?" என்று சண்டைக்கு வந்தான். சாமி, "உங்க துணின்னா எடுத்துக்கோங்க தம்பி, இப்பவே பிரிச்சுத் தர்றேன்" என்று ஊசியை எடுத்துவிட்டார். அந்த ஆள் ஓடிப்போனான். தாவூத் பாய் ஒரு மாசம் சிரித்தார். "சாமீ, இந்தத் தொகுதில நீங்கதான் நில்லுங்க. ஒங்களுக்குத்தான் டெபாசிட் போனாலும் கவலை இல்ல" என்பார்.

வசந்தா அம்மா செய்ததையும் எழுதவேண்டும். சாமிக்குப் புதுத் துணி கொடுக்க அவருக்கு ரொம்ப ஆசை. கொடுத்தால் வாங்கமாட்டார். ஆகவே ஒரு புது மல் துணியை மண்ணில் புரட்டி, அவர் வருகிற வழியில் வேப்பங்கன்று மேல் போட்டுவிட்டு பக்கத்துப் பெரிய மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். சாமி வந்தார். மூன்று முறை கேட்டார். சத்தமில்லை. "மரத்துக்குப் பின்னால ஒருத்தங்க மூச்சு வாங்கறாங்களே, அவங்களதா?" என்றார். வசந்தா அம்மா வெளியே வந்து முகத்தை மூடிக்கொண்டார். வேறு சில பிக்குகள் அப்படிப் போட்டதை எடுத்துக்கொள்வார்களாம், அதற்கும் விதி இருக்கிறதாம். சாமி எடுக்கமாட்டார். "எனக்குன்னு நினைச்சு போட்டது எப்படிம்மா எறிஞ்ச துணியாகும்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, வசந்தா அம்மா மனசு நோகாமல் இருக்க, மர நிழலில் உட்கார்ந்து ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

இப்போது சங்கர் கதைக்கு வருகிறேன்.

அவன் ஆறாம் வகுப்பு. யூனிபாரம் வெள்ளைச் சட்டை. கோடித் துணியில்தான் தைத்திருந்தேன். கையாலேயே தைத்தது, பட்டன் ஓட்டைக்கு இரட்டை நூல் விட்டேன். குங்குமக் கறை ஒன்று விலாப் பக்கம் போகவேயில்லை. போகும் என்று நினைத்தேன். அவன் வகுப்புப் பையன் ஒருவனுடைய தாத்தா செத்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. அந்தப் பையன் கறையைப் பார்த்து, "டேய், இது எங்க தாத்தா மேல போத்தினது" என்றான். போதுமா? சங்கரைப் பெஞ்சில் படுக்கவைத்தார்கள். நாலு பேர் தூக்கினார்கள். ஒருவன் டிபன் பாக்ஸை அடித்துப் பறை கொட்டினான். சாக்பீஸ் தூளை வாயில் போட்டார்கள், வாய்க்கரிசியாம். வாத்தியார் வாசலில் நின்று பார்த்தார். பார்த்துவிட்டு, "சீக்கிரம் எடுங்கடா, மணி அடிக்கப்போவுது" என்றாராம். அந்த வாத்தியார் பேர் எனக்குத் தெரியும். எழுதினால், சங்கத்தில் சாமிக்குப் போடுகிற இந்த நினைவு மலரில் சேர்க்கமாட்டோம் என்கிறார்கள். போகட்டும். அவர் இருக்கிற தெருவும் எனக்குத் தெரியும்.

சங்கர் சட்டையில்லாமல் வீட்டுக்கு வந்தான். சட்டை எங்கே என்று கேட்டேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். மூன்று நாள் சாப்பிடவில்லை, அடித்தும் சாப்பிடவில்லை. அன்றிலிருந்து அவன் கோடித் துணியைத் தொட்டதில்லை. நானும் தைக்கவில்லை.

இரண்டு மாசம் கழித்துக் கொட்டகைக்குப் போனால், சாமியின் இடது மார்புப் பக்கம் புதிதாக ஒரு ஒட்டு. சாயம் ஏறியிருந்தது. ஆனாலும் பட்டன் ஓட்டை தெரிந்தது. இரட்டை நூல். என் கைத்தையல் எனக்குத் தெரியாதா?

"இது எம் புள்ள சட்டை" என்றேன்.

"ஆமாம்மா."

"தெரிஞ்சே எடுத்தியா? தொடமாட்டேன்னு சொன்னியே?"

"கால்வாய்ல கிடந்தது. மூணு தரம் கேட்டேன். பிள்ளை கரைமேலதான் உக்காந்திருந்தான், என்னையே பார்த்துக்கிட்டு. பதில் சொல்லல. பக்கத்துல போய் இன்னொரு தரம் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கிட்டான். அவன் எறிஞ்சுட்டாம்மா." ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு, "உங்களுக்கு வேணும்னா பிரிச்சுத் தர்றேன்" என்றார்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் பிள்ளைக்கு எது அசிங்கமென்று ஊர் சொன்னதோ, அதை ஒருவர் மார்பில் போட்டுக்கொண்டு அதே ஊரில் பிச்சைக்கு நடக்கிறார். அந்தச் சட்டையைப் பார்த்துச் சிரித்த பையன்களின் வீட்டுக்காரர்களே வாசலில் நின்று அவருக்குச் சோறு போடுகிறார்கள், குனிந்து கும்பிடுகிறார்கள். எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை. ஆனால் எரிச்சலும் வந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். "நீ கட்டினா நோம்பு. எம் புள்ள கட்டினா பொணம். இன்னா சாமி இது?" என்று கேட்டேன்.

"அது உண்மைதாம்மா. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல" என்றார்.

பதில் இல்லை என்று சொன்ன சாமியார் வேறு யாரையும் நான் பார்த்ததில்லை. "பிரிக்காத. அங்கியே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவர் இன்னொன்று செய்தார், அதை நான் மட்டும்தான் பார்த்தேன். சங்கர் எதிரே வந்தால், தூரத்திலேயே அந்தச் சீவரத்தை இழுத்து, அந்த ஒட்டு உள்ளே போகும்படி மடித்துக்கொள்வார். அவன் பள்ளிக்கூடம் போகும்போது மடித்தார். அவன் ஐ.டி.ஐ. படித்து எஸ்டேட்டில் டர்னர் வேலைக்குச் சேர்ந்த பிறகும் மடித்தார். மற்ற ஒட்டுகள் நைந்து மாறின, சீவரமே பாதிக்கு மேல் புதிதாகிவிட்டது. அந்த ஒரு ஒட்டு மட்டும் மாறவில்லை. அவர் மடிப்பதும் நிற்கவில்லை. சங்கர் அதைக் கவனித்ததில்லை. சாமி வருகிற தெருவில் அவன் தலையைத் தூக்கினால்தானே கவனிப்பான்?

அவனுக்குக் கல்யாணம் ஆயிற்று. காட்டுப்பாக்கத்தில் வாடகைக்குப் போனான். அங்கே அப்பாவுக்கு முனிசிபாலிட்டி வேலை என்று சொல்லியிருக்கிறான். பொய்யில்லைதான், சுடுகாடும் முனிசிபாலிட்டியுடையதுதானே. ஒரு பேரன் பிறந்தான். பேரனை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தால் இருட்டும் முன்னே கிளம்பிவிடுவான்.

போன வருஷ மழையில் சாமிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் படுக்கச் சொன்னார்கள், படுக்கவில்லை. கடைசி மாசம் நானும் பாலகுரு சாரும்தான் மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம். ஒரு மத்தியானம், கஞ்சி குடித்துவிட்டு, இரண்டு பேரையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"பாலகுரு, நான் போனதும் எனக்குப் புதுத் துணி எதுவும் போடாதீங்க. மேல இருக்கறதோட சுடுகாட்டுக்குக் கொண்டுபோங்க. அங்க போனதும் மேல இருக்கற துணி யாருக்குச் சேரும்?"

பாலகுரு சார் முழித்தார்.

"காசியம்மாவுக்குச் சேரும். அது அவங்க பங்கு. நான் குடுக்கல. அவங்களுதுதான். வேற யாரும் தொடக்கூடாது." பிறகு என்னைப் பார்த்து, "அந்த ஒட்டு இன்னும் கெட்டியா இருக்கும்மா. நல்ல தையல்" என்றார்.

நான் ஐம்பத்தைந்து வருஷம் இருந்திருக்கிறேன். எனக்கு யாரும் எதையும் "உன்னுது" என்று சொன்னதில்லை. கொடுத்தார்கள், எறிந்தார்கள், எடுத்துக்கோ என்றார்கள். உன்னுது என்று சொன்னதில்லை. கட்டாயம் வாங்கிக்கொள்கிறேன் சாமி என்று வாக்குக் கொடுத்தேன்.

இனி அந்த நாள்.

நான் கொட்டகைக்குள் நுழைந்தபோது குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். சாமி மேல் புதுச் சீவரம். பளபளவென்று, மடிப்புக் கலையாமல், கடைக் காகிதத்தின் மணத்தோடு. வெளிநாட்டிலிருந்து வரவழைத்துப் பீரோவில் வைத்திருந்தார்களாம். பழைய சீவரம் மூலையில் சுருட்டிக் கிடந்தது, அழுக்குத் துணி போல.

"யாரு மாத்தினது?" என்றேன்.

பாலகுரு சார் கையைப் பிசைந்தார். "நான் சொல்லுதத கேளுங்கம்மா. பெரிய ஆளுங்க வாராங்க. பேப்பர்க்காரங்க வாராங்க. கிழிசலோட எப்படிம்மா…"

"கிழிசலா? இருவது வருசம் அந்தக் கிழிசலதான்யா நீ கால்ல வுழுந்து கும்பிட்ட! அவரு உன்னாண்ட இன்னா சொன்னாரு? நானும்தான் குந்திகினு இருந்தேன். செத்து ஒரு நாழி ஆவல, அதுக்குள்ள அவரு நோம்ப உருவிட்டியே! உயிரோட இருந்தா உன்னால ஒரு நூலு போட முடியுமா அவரு மேல? கை தூக்க முடியாத ஆளாண்டதான் உன் வீரமா?"

கூட்டம் என்னைப் பார்த்தது. எவனோ ஒருவன், "இந்தக் கெயவிய யாரு உள்ள உட்டது?" என்றான். வசந்தா அம்மா அழுதார். பாலகுரு சார் தலையைக் குனிந்து நின்றார். அப்புறம் அந்த மனுஷர் செய்ததையும் சொல்லவேண்டும். எல்லோர் முன்னாலும் குனிந்து, மூலையில் கிடந்த சீவரத்தை எடுத்து, மடித்து, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். "தப்புதாம்மா. இத இனி அவரு மேல போட முடியாது, நேரமில்ல. உங்க பங்கு உங்களுக்கு வந்து சேரும், அது என் பொறுப்பு" என்றார். என் கையில் அப்போதே கொடுத்திருக்கலாம். நான்தான், "இங்க வாணாம். சுடுகாட்ல வச்சு குடு. மொறப்படி வாங்கிக்கறேன்" என்றேன். முறை பேசினேன். அது என் புத்தி.

சங்கர் காலையிலேயே வந்திருந்தான், அப்பாவுக்குத் தனியாக விறகு தூக்கி அடுக்க முடியவில்லை என்று. பாலகுரு சார் அவனைக் கூப்பிட்டு, "தம்பி, நீ முன்னால போறதானே? இத சுடுகாட்டுல உங்க அம்மாகிட்ட குடுத்திரு, என்ன. அது அவங்க பங்கு" என்று கொடுத்தார். பெற்ற மகனிடம் கொடுப்பதில் என்ன தப்பு என்று நினைத்திருப்பார். நானும் அங்கேதான் நின்றிருந்தேன். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஊர்வலம் எஸ்டேட் ரோட்டைச் சுற்றி வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. சாமியை இறக்கினார்கள். நான் சங்கரைத் தேடினேன். என் வீட்டுக்காரர் விறகுக்குப் பக்கத்தில் நின்று, என் முகத்தைப் பார்க்காமல், கொட்டாய்க்குப் பின்னால் கையைக் காட்டினார்.

அங்கேதான் செத்தவர்களின் பாய், தலையணை எல்லாம் போட்டுக் கொளுத்துவோம். சங்கர் மண்ணெண்ணெய் டின்னோடு நின்றிருந்தான். தீ அணைந்துவிட்டது. நாலாக மடித்த துணி, எரிந்த பிறகும் துணியாகவே கிடந்தது. கறுப்பாக, கட்டம் கட்டமாக, வரப்பு வரப்பாக. தையல் போன இடமெல்லாம் தெரிந்தது. நான் கையை நீட்டினேன். காற்று வந்தது. உதிர்ந்துவிட்டது.

"இன்னாடா பண்ண?"

"ஊரே மறந்துட்ச்சும்மா. நீ மட்டும் ஏன் எடுத்து மாட்டி வச்சுகினு கீற? நாளைக்கு எம் புள்ள வருவான். இத கையில எடுத்துகினு, ஒங்கப்பன் சட்டைடா இதுன்னு அவனாண்ட சொல்லுவ நீ. சொல்லுவியா மாட்டியா?"

"சொல்லுவேன்டா. அதுக்குத்தான்டா கேட்டேன்."

"அதுக்குத்தான் கொளுத்தினேன்" என்றான்.

அவன் கண் கலங்கியிருந்தது. பெஞ்சில் படுக்கவைத்துத் தூக்கப்பட்ட பிள்ளை அவன்தான், நான் இல்லை. அந்த வலி எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்லவேண்டாம். தெரிந்துதான் எழுதுகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். சாமி குப்பைமேட்டுத் துணிக்கே மூன்று முறை கேட்டார். இவன் பெற்ற தாயின் பங்கை ஒரு முறை கேட்டானா? நான் நடந்து வந்துகொண்டுதானே இருந்தேன்?

என் வீட்டுக்காரர் சாமிக்கு அடுக்கியது போல் யாருக்கும் விறகு அடுக்கியதில்லை. புதுச் சீவரத்தை எடுத்துக்கொள்கிறீர்களா, அதுவும் உங்கள் பங்குதானே என்று பாலகுரு சார் கேட்டார். வேண்டாம் என்றேன். சாமி அதோடேயே எரிந்தார்.

சாமி, போய் வாருங்கள். வாக்குக் கொடுத்துவிட்டு வெறும் கையோடு நிற்கிறேன். நீங்கள் இருந்தால் அவனையும் ஒன்றும் சொல்லமாட்டீர்கள், பிள்ளை எறிந்துவிட்டான் என்று விட்டுவிடுவீர்கள். அது உங்கள் நோன்பு. எனக்கு அந்த நோன்பு இல்லை. புதுத் துணி போர்த்திய பாலகுருவை நான் மன்னித்துவிட்டேன். என்னைக் கிழவி என்றவனையும் விட்டுவிட்டேன். டிபன் பாக்ஸை அடித்துப் பறை கொட்டிய பையன்களும் இப்போது பிள்ளை குட்டிக்காரர்கள், போகட்டும். வாசலில் நின்று பார்த்த வாத்தியாரைக்கூட, நீங்கள் சொல்லியிருந்தால், விட்டிருப்பேன். ஒருவனை மட்டும் நான் இருக்கிறவரைக்கும் மன்னிக்கமாட்டேன். இது அச்சில் வரட்டும், அவன் படிக்கட்டும், அவன் பிள்ளை எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டதும் அவனும் படிக்கட்டும். மேனாம்பேட்டுச் சுடுகாட்டு ஏழுமலைக்கும் காசியம்மாளுக்கும் மூத்த மகனாகப் பிறந்த சங்கர்.